நாரை காலடியில் ஒரு நீலக் கவர்: கிம்ப்போடு மூன்று வருடம்

2022-ல் கல்லூரியில் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது, அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. போட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்ட வழியில்லை. கட்டினாலும் அந்த மெஷின் தாங்காது. அதனால்தான் கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டிங் மென்பொருள். விரும்பித் தேர்ந்தெடுத்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

முதல் ஈ.வி.எஸ். (சுற்றுச்சூழல் பாடம்) அசைன்மென்ட்டுக்குச் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை எடுத்துக்கொண்டேன். அந்த வருடம்தான் அது முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்திருந்தது. ரேடியல் சாலை ஓரம் நின்று எடுத்த படத்தில் ஒரு சங்குவளை நாரை, அதன் காலடியில் நீல நிற பிளாஸ்டிக் கவர். படம் அழகாக இருக்கட்டுமே என்று பக்கத்து இடத்தை வைத்துக் கறையை மறைக்கும் ஹீல் டூலால் கவரைத் துடைத்துவிட்டேன். சுவடே தெரியவில்லை. தலைப்போ, 'நீர்நிலைகளில் திடக்கழிவு'! தோழியும் அதே இடத்தில் படம் எடுத்திருந்தாள். அவள் படத்தில் கவர் இருந்தது. மேடம் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "குப்பையைப் பத்தி எழுதச் சொன்னா, நீயே பொறுக்கிட்டு வந்துட்டியாம்மா?" என்றார். வகுப்பே சிரித்தது.

அடுத்த முறை எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கழிவுநீர் கலக்கும் கால்வாயை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸில் இழுத்து, மை போலக் கறுப்பாக்கிக் கொடுத்தேன். ஒரிஜினல் எங்கே என்று கேட்டார். மொபைலில் இடமில்லாமல் அழித்திருந்தேன். மிச்சம் இருந்தது வாட்ஸ்அப் பிரதிதான். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அளவைக் குறைப்பதோடு, எடுத்த நாள், இடம் போன்ற உள்விவரங்களையும் உதிர்த்துவிடும். அன்றிலிருந்து டாக்குமென்ட்டாக மட்டுமே அனுப்புகிறேன். களத்தில் முதல் படத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுப்பேன். கறுப்பு, வெள்ளை எல்லைகளைச் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளைப் புள்ளியை அந்தத் தாளில் வைத்தால் தண்ணீரின் நிறம் ஏறக்குறைய உள்ளபடி வந்துவிடும். மொபைல் கேமரா நம்மைக் கேட்காமலே பச்சையைக் கூட்டிவிடுகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

கிம்ப் எனக்கு உண்மையில் கைகொடுத்தது இரண்டாம் வருடத்தில், ஆகாயத்தாமரையை அளந்தபோது. வீட்டருகே உள்ள ஏரியை ஒரே மொட்டை மாடியிலிருந்து மாதம் ஒருமுறை எடுத்தேன். பெர்ஸ்பெக்டிவ் டூலால் சாய்வை நிமிர்த்தி, ஏரியின் விளிம்பை வரைந்து செலக்ட் செய்தால், ஹிஸ்டோகிராம் என்ற வரைபடப் பலகையில் அதற்குள் இருக்கும் பிக்சல் எண்ணிக்கை வரும். பிறகு அதற்குள் பச்சையை மட்டும் நிறத்தால் செலக்ட் செய்து, அந்த எண்ணிக்கையை ஏரியின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், ஏரியில் எவ்வளவு மூடியிருக்கிறது என்று தெரியும். பாசியும் பச்சை, மர நிழல் கறுப்பு என்று தொல்லைகள் உண்டு. எவ்வளவு நெருங்கிய நிறம் வரை பச்சை என்று எடுப்பது என்ற த்ரெஷோல்ட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே விடை மாறிவிடும் என்பதால் எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணை வைத்து, அதை அறிக்கையிலும் எழுதினேன். துல்லியமான அளவு என்று சொல்ல முடியாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கப் போதும்.

லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படங்களையும் இதில் சேர்க்கலாம். அதில் ஒவ்வொரு ஒளி அலைவரிசைக்கும் தனிப் படம் உண்டு. 5, 4, 3 பட்டைகளைச் சிவப்பு, பச்சை, நீலமாக ஒரே படமாகச் சேர்த்தால் (கம்போஸ்) செடிகொடி சிவப்பாகத் தெரியும். ஒரு பிக்சல் 30 மீட்டர், எனவே சின்னக் குட்டைகளுக்கு ஆகாது. அந்தப் படங்கள் இருட்டாக வரும். லெவல்ஸில் நன்றாக இழுத்தால்தான் ஏதாவது தெரியும். கால்வாய்ப் படத்தில் திட்டு வாங்கித் தந்த அதே வேலைதான், ஆனால் இங்கே இழுத்த படம் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. சேவ் கொடுத்தால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப். கோப்புதான், ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட். இது தெரியாமல் ஒருமுறை எக்ஸ்.சி.எஃப்.-ஐயே மெயிலில் அனுப்பி, கடைசித் தேதியைத் தவறவிட்டேன். பழைய மெஷினில் பெரிய படத்தைத் திறந்தால் டீ போட்டுக்கொண்டு வரலாம். தமிழ் எழுத்து மட்டும் மானத்தைக் காப்பாற்றியது. யூனிகோடில் தட்டினால் கொம்பு, கால் எல்லாம் இடம் மாறாமல் விழும்.

2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்த பிறகு, போட்ட ஃபில்டரைப் பின்னால் திறந்து மாற்ற முடிகிறது. எனக்குத்தான் அது கடைசி செமஸ்டரில் வந்து சேர்ந்தது.

நாரைப் படத்தில் தனி லேயர் (மேல் அடுக்கு) போடாமல் கவரை அப்படியே அழித்து, ஒரிஜினல் கோப்பின் மேலேயே பதிந்து வைத்திருந்தேன். அதனால் இறுதி ஆண்டு புராஜெக்ட்டுக்குக் கவரோடு இருக்கும் படத்தைத் தோழியிடம்தான் கேட்டு வாங்கினேன். அவள் பெயரைப் போட்டிருக்கிறேனா என்று அச்சுப் பிரதியை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.