அவசரமா வீடு விக்க புடிச்ச ஏஜெண்ட்: 5க்கு 4 குடுக்கலாம்

மச்சான் பிசினஸ் படுத்துடுச்சு, பேங்க் லோன் தவணை நிக்க ஆரம்பிச்சிடுச்சு, சரி சிங்கப்பூர் ஈசூன்ல இருக்குற நாலு ரூம் வீட்ட சட்டுனு வித்துட்டு சின்ன வீடா பாத்துக்கலாம்னு அக்கா முடிவு பண்ணிட்டாங்க. அப்ப வந்த ஏஜெண்ட் பத்திதான் இது. பேர் போட்டா விளம்பரம்னு சொல்வீங்க, அதனால போடல.

முதல்ல லெட்டர் பாக்ஸ்ல கெடந்த வேற ஒரு ஏஜெண்டோட நோட்டீஸ பாத்து மச்சான் போன் போட்டாரு. 'ரெடி பையர் இருக்காங்க, ரெண்டே வாரத்துல கையில காசு'ன்னாரு அந்த ஆளு. எச்டிபி வீட்டுக்கு, அதான் அரசாங்க வீடமைப்பு கழக வீட்டுக்கு, அது எப்படிங்க நடக்கும்? விக்கப்போறோம்னு எச்டிபி போர்ட்டல்ல பதிஞ்சு 7 நாள் கழிச்சுதான் ஆப்ஷனே (வீட்ட பையருக்குன்னு ஒதுக்கி எழுதி குடுக்குறது) குடுக்க முடியும், அத உறுதி பண்ண பையருக்கு 21 நாள் டைம், அப்புறம் எச்டிபி அப்ளிகேஷன ஏத்துக்கிட்டதும் இன்னும் 8 வாரம் கிட்ட ஆகும். அதுவரைக்கும் சமாளிக்க மணிலெண்டர் ஒருத்தர தெரியும்னு வேற இழுத்தாரு, மச்சான் அதோட போன வச்சிட்டாரு. ஏஜெண்ட் அந்த வேலையெல்லாம் பாக்கக்கூடாது.

கடைசியா நாங்க புடிச்ச ஏஜெண்ட் ஒரு அம்மா, அவங்க வந்ததும் கேட்ட மொத கேள்வி ப்ளாக் நம்பர். அக்கா கண்ணெதிரேயே போன்ல அந்த ப்ளாக்கோட இன கோட்டாவ செக் பண்ணாங்க. ஒரு ப்ளாக்ல ஒவ்வொரு இனத்துக்காரங்களும் இவ்வளவு வீடுதான் வச்சிருக்கலாம்னு 1989லேர்ந்து இருக்குற இன விகித ரூல்தான், ஆனா நம்ம ஆளுங்க விக்கும்போதுதான் அதோட வலி புரியும். ப்ளாக்ல சீனர் கோட்டா ஃபுல், அப்படின்னா சீனர் யாரும் நம்ம வீட்ட வாங்க முடியாது, பையர் கூட்டத்துல பெரும்பங்கு அப்பவே போச்சு. மாசா மாசம் 1ஆம் தேதி அப்டேட் ஆகும், மாறினாலும் மாறும், ஆனா அத நம்பி உக்காராதீங்கன்னு தெளிவா சொன்னாங்க. பக்கத்து ப்ளாக் போன வெலைய இதுக்கு கேக்க முடியாதுன்னு சொன்னப்ப அக்கா மூஞ்சி சுருங்கிடுச்சு, ஆனா உண்மை அதுதானே.

அடுத்து சிபிஎஃப் கணக்கு, அதான் சம்பளத்துலேர்ந்து புடிக்கிற சேமநிதி. பலபேரு கோட்ட விடுற எடம் இது. அதுலேர்ந்து வீட்டுக்கு எடுத்த காசு, அதுக்கு வருஷம் 2.5 பர்சன்ட் வட்டி, ரெண்டும் திரும்ப சிபிஎஃப்க்கே போகும், லோனையும் அடைக்கணும், மிச்சம்தான் கையில. பையர் குடுக்குற ஆப்ஷன் காச வச்சு லோன் பாக்கிய கட்டிடலாம்னு மச்சானுக்கு ஒரு நெனப்பு. ஆப்ஷன் ஃபீ அதிகபட்சம் 1,000 வெள்ளி, டெபாசிட் மொத்தமே 5,000க்கு மேல கேக்க முடியாதுன்னு அந்தம்மா சொன்னதும் கப்சிப். மொதல்ல பேங்க்ல போய் தவணைய கொறைக்க கேளுங்கன்னு அவங்களே அனுப்பி வச்சாங்க, கமிஷன் வாங்குற ஆளு இதெல்லாம் சொல்லணும்னு அவசியமே இல்ல.

கடைசியில ஒரு தமிழ் குடும்பம் வாங்கினாங்க, கேட்ட வெலைக்கு கொஞ்சம் கம்மிதான். சாவி குடுத்த பிறகும் கொஞ்ச நாள் தங்கிக்க அவங்ககிட்ட பேசி முடிச்சதும் இந்தம்மாதான், அதுக்கு 3 மாசம் வரைக்கும் எச்டிபியே அனுமதிக்குது.

ஒரு ஸ்டார் கொறச்சது ஏன்னா கமிஷன் 2 பர்சன்ட், மேல ஜிஎஸ்டி, ஒரு காசு எறங்கல. கமிஷன் பேசிக்கிறதுதான், சட்டம் போட்ட ரேட் இல்ல, வேற ஏஜெண்டுங்க கம்மிக்கும் பண்றாங்க. போட்டோவும் ரொம்ப சுமார், கிச்சன் படத்துல அக்கா துணி காயப்போட்ட மூங்கில் கம்பு அப்படியே நீட்டிட்டு நிக்குது.