கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்: மூன்றரை வருட அனுபவம்

எங்கள் வீட்டு நடையில் தொங்கும் தினசரி காலண்டர், நான் இதைத் தொடங்கிய பிறகு வந்த நாலாவது. 2022 ஜனவரியில் ஆரம்பித்தேன். காலையில் நேற்றைய தாளைக் கிழித்து, திருப்பிப் போட்டு, நேற்று எனக்கு யார் என்ன நல்லது செய்தார்கள் என்று ஒன்றிரண்டு வரி எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவேன். அவ்வளவுதான் பழக்கம். செலவு கிடையாது. காலண்டர் மளிகைக்கடையில் கொடுத்தது, டப்பா ஏதோ ஒரு தீபாவளிக்கு வந்தது.

இதற்கு முன் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். முதலில் கெட்டி அட்டை போட்ட ஒரு டைரி, 380 ரூபாய். பக்கத்துக்குப் பக்கம் ‘இன்று நான் நன்றி சொல்லும் மூன்று விஷயங்கள்’ என்று அச்சடித்து, கீழே கோடு போட்டிருந்தது. முதல் நாள் குடும்பம், ஆரோக்கியம், வேலை என்று எழுதினேன். இரண்டாம் நாள் வானம், காபி, பாட்டு. நாலாம் நாள் திரும்பவும் குடும்பம், ஆரோக்கியம், வேலை. மூன்று வாரத்தில் டைரி பரணுக்குப் போனது.

அடுத்தது போனில் ஒரு செயலி. இரவு ஒன்பதரைக்கு மணி அடிக்கும். ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். திங்கட்கிழமை சந்தை ராத்திரியில் ஒன்பதரை மணிக்கு எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இருந்தும் நாற்பது நாள் ஓட்டினேன். பழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு நாள் விட்டுப்போனது. மறுநாள் திறந்தால், நாற்பது பூஜ்யமாகியிருந்தது. வந்த எரிச்சலில் செயலியையே அழித்துவிட்டேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. புதுப் பழக்கம் ஒன்று தன்னால் நடக்க ஆரம்பிப்பதற்கு நடுத்தரமாக 66 நாள், ஆளுக்கும் வேலைக்கும் தக்கபடி 18-இலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்றும் அதில் இருக்கிறது. அதைப் படித்தது பிற்பாடுதான்.

காலண்டர் கிழிப்பது எங்கள் வீட்டில் அம்மாவின் வேலை. முழங்கால் வலி வந்து ஸ்டூல் ஏற முடியாமல் போனதும் என் தலையில் விழுந்தது. ஒரு நாள் கேஸ் புக்கிங் நம்பரைக் குறிக்கத் தாள் தேடி, கிழித்த தாளைத் திருப்பினேன். வெள்ளையாக, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. நம்பருக்குக் கீழே முந்தின நாள் எதிர்வீட்டு அக்கா செய்ததையும் எழுதி வைத்தேன். எந்தத் திட்டமும் இல்லை. மழை தூறுவதைப் பார்த்து எங்கள் துணிகளையும் எடுத்து மடித்து வைத்திருந்தார், அதுதான் முதல் வரி.

இது மட்டும் நிலைத்ததற்குக் காரணம் என் மன உறுதி என்று சொல்லமாட்டேன். காலை ஆறு மணிக்கு அம்மா, “கண்ணு, தேதி கிழிச்சியா?” என்று கேட்டுவிடுவார். கிழிக்காவிட்டால் அன்றைக்கு ராகுகாலம் தெரியாது, வீட்டில் ஒரு வேலையும் நகராது. எப்படியும் நடந்தே தீருகிற ஒரு வேலையின் முதுகில் ஏற்றிவிட்டதால் இது ஓடுகிறது. தூங்கி எழுந்து எழுதுவதிலும் ஒரு சௌகரியம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் கூட்டாளிகளும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதச் சொன்னார்கள். எனக்கு இரவு சரிப்படவில்லை. அன்றைய சண்டையின் சூடு பேனாவில் இறங்கிவிடுகிறது. ஆனால் அந்த ‘ஏன்’ நல்ல யோசனை, அதை எடுத்துக்கொண்டேன்.

எழுதுவதற்கு ஒரே விதி. ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் செய்த காரியம் இருக்க வேண்டும். ‘டீக்கடையில் சில்லறை இல்லை, நாளைக்குத் தாங்க என்றார்.’ ‘லோடு இறக்குகிற பையன் பில்லில் நான் விட்ட சைபரைக் காட்டினான்.’ வானத்துக்கும் காபிக்கும் இடமில்லை. காபி போட்டவருக்கு உண்டு.

இந்த விதி திருக்குறளில் கிடைத்தது என்றால் பெருமையடிப்பதாக இருக்கும். மகளின் தமிழ்ப் பரீட்சைக்கு உட்கார்ந்து கேள்வி கேட்டபோது கண்ணில் பட்டது. ‘செய்ந்நன்றி அறிதல்’ அதிகாரத்தில் நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மை, நாம் திருப்பிச் சொல்கிற வார்த்தை அல்ல. 101 முதல் 110 வரை பத்துக் குறளிலும் வாயால் நன்றி சொல் என்று எங்குமே இல்லை. மறக்காதே, நினை என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படிப் பார்த்தால் இது வரவுக் கணக்குதான். எனக்குத் தெரிந்த தொழில்.

வாயால் சொல்லியும் பார்த்தேன். ஒரு நாள் காலை காபிக்கு மனைவியிடம் “தேங்க்ஸ்” என்றேன். “ஏனுங்க, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதோடு விட்டேன்.

ஐந்தாம் மாதம் சலிப்புத் தட்டியது. இடத்தை நிரப்புவதற்காக எழுத ஆரம்பித்திருந்தேன். கலிபோர்னியாவில் உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வொன்றில், தங்களுக்குக் கிடைத்த நல்லதை ஆறு வாரத்துக்கு வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. சரி என்று வெள்ளிக்கிழமை மட்டும் எழுதினேன். நான்கில் இரண்டு வெள்ளி மறந்துபோயிற்று. கடைசியில் கிழிப்பது தினமும், எழுதுவது இருந்தால் மட்டும், இல்லாவிட்டால் ஒரு கோடு என்று ஆக்கிக்கொண்டேன். இந்தக் கோடுதான் பழக்கத்தைக் காப்பாற்றியது. டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு வெறும் கோடு.

2023-இல் அப்பா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்த நாட்களில் அம்மாவும் கேட்கவில்லை, நானும் கிழிக்கவில்லை. காரியம் முடிந்து மொத்தமாகக் கிழித்தபோது ஒரே ஒரு தாளில் எழுதினேன். ‘அண்ணன் கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து ராத்திரி ஒரு மணிக்கு மழையில் வண்டியில் வந்தான். என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு விடிய விடிய வராந்தாவில் நின்றான்.’ மறுவருஷமே எனக்கும் அவனுக்கும் வயல் பாகத்தில் பேச்சு முறிந்தது. பழைய ரசீது ஒன்றைத் தேடி டப்பாவைக் கொட்டியபோது இந்தத் தாள் வெளியே வந்தது. 109-ஆம் குறள் இதைத்தான் சொல்கிறது: கொல்வது போன்ற கெடுதலே செய்தாலும், அவர் முன்பு செய்த ஒரு நல்லதை நினைத்தால் அது மறைந்துபோகும். எனக்கு முழுதாக மறையவில்லை. பாகம் இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. ஆனால் அவன் போன் வந்தால் எடுக்கிறேன்.

கெட்ட அனுபவமும் உண்டு. ஒரு தீபாவளிக்குக் கடையில் போனஸைப் பாதியாக வெட்டினார்கள். மறுநாள் காலை தாளில் ‘வேலையாவது இருக்கிறதே’ என்று எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்து, “இது நன்றிங்களா, பயமுங்களா?” என்றாள். பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து முதலாளியிடம் போய்க் கேட்டேன், வெட்டியதில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து தாளில் ‘ஆவது’ வரக்கூடாது. வேலையாவது, வீடாவது, நமக்கு இந்த அளவாவது என்று வந்தால் அடித்துவிட்டுக் கோடு போடுவேன். அடுத்தவன் நிலைமையோடு ஒப்பிட்டு ஆறுதல் தேடுவது வேறு கணக்கு.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பிரஷர் மாத்திரை அதே அளவுதான். தூக்கத்திலும் மாற்றமில்லை. கோபம் குறைந்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. எனக்கே தெரிகிற மாற்றம் ஒன்று உண்டு. பகலில் யாராவது சின்னதாக ஏதாவது செய்யும்போதே, ‘நாளைக்குத் தாளுக்கு ஆயிற்று’ என்று தோன்றிவிடுகிறது. முன்பெல்லாம் இதைக் கண் பார்த்திருக்கும், மனசு பதிந்திருக்காது.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில்லறைத் தகவல். ஜெல் பேனா வேண்டாம், மறுபக்கம் ஊறி ராசிபலனோடு கலந்துவிடும். பென்சில் ஒரு வருஷத்தில் மங்கும். மின்விசிறிக்குக் கீழே எழுதாதீர்கள். டப்பாவில் நாலு வேப்பிலை போட்டால் பூச்சி அண்டாது. கடையில் காலண்டர் வாங்கும்போது பெரிய சைஸாகக் கேட்டு வாங்குங்கள். இந்த வருஷம் எனக்குக் கிடைத்தது சின்னது, இரண்டு வரிக்கு மேல் போகாது.

தாளின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது தனி வேடிக்கை. இன்று காலை கிழித்ததில் விருச்சிகத்துக்கு ‘செலவு’ என்று போட்டிருந்தது. பின்னால் நான் எழுதியது: ‘பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து, ஓட்டை இல்லை, வால்வுதான் லூஸ் என்று முடுக்கிக் காற்று அடித்து அனுப்பினார். காசு வாங்கவில்லை.’