கியூபெக் நகரமா, மாண்ட்ரியலா?

கனடாவில் பிரெஞ்சு பேசும் ஊரைப் பார்க்கக் கிளம்பும் நம்மவர்கள் பெரும்பாலும் மாண்ட்ரியலில் அறை போட்டுவிட்டு, கியூபெக் நகரத்தை ஒரே பகலில் எட்டிப் பார்த்துத் திரும்புகிறார்கள். ஐரோப்பிய அழகுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பேன்.

கியூபெக் நகரம் 1608இல் சாமுவேல் த ஷாம்ப்ளேன் நிறுவியது. பழைய ஊரைச் சுற்றி ஏறத்தாழ 4.6 கிலோமீட்டருக்குக் கோட்டை மதில் இன்னும் நிற்கிறது. மெக்சிகோவுக்கு வடக்கே இப்படி மதிலோடு மிஞ்சிய நகரம் வேறு இல்லை. 1985இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மேட்டில் ஷாத்தோ ஃப்ரோந்தனாக் ஹோட்டல், அதன் முன்னால் ஆற்றைப் பார்த்த நீண்ட மரத்தள நடைபாதை. செங்குத்தான படிகளில் இறங்கினால் கீழ் ஊர். அங்கே பிளாஸ் ருவாயால் சதுக்கத்தில், 1688இல் கட்டத் தொடங்கிய சின்னக் கல் தேவாலயம் இருக்கிறது. பகலில் பெத்தி ஷாம்ப்ளேன் தெருவில் தோளோடு தோள் இடிக்கும். சுற்றுலாக் கப்பல் வந்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். மாலையில் கூட்டம் வடிந்த பிறகுதான் அந்தத் தெருவின் அழகே தெரிகிறது. பகலோடு திரும்புகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். இருட்டியதும் எதிர்க்கரை லெவிக்குப் படகில் போய் வாருங்கள். கால் மணி நேரத்துக்குள் அக்கரை வந்துவிடும். மேட்டு ஊர் முழுவதும் விளக்கோடு கண்முன் நிற்கும்.

மாண்ட்ரியலிலும் பழைய பகுதி உண்டு. நோத்ர தாம் பசிலிக்காவின் நீலக் கூரையும் பொன் நட்சத்திரங்களும் பார்த்தே தீர வேண்டியவை. ஆனால் நாலு தெரு தள்ளினால் கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிடும். இந்த ஊரின் பலம் சாப்பாடு. ஜான் தாலோன் சந்தை, விறகடுப்பில் சுடும் பேகல் என்ற வளைய ரொட்டி, ஈழத்தமிழர் கடைகளில் கொத்துரொட்டி என்று நாக்குக்கு ஓய்வே கிடைக்காது. சைவக்காரர்களுக்கும் இங்கேதான் வசதி. உருளைக்கிழங்கு வறுவலில் சீஸ் கட்டிகள் போட்டுக் குழம்பு ஊற்றித் தரும் ‘பூட்டின்’ என்ற பண்டம் இரண்டு ஊரிலும் கிடைக்கும். அதில் ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்வது என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். மாண்ட்ரியலின் மையப் பகுதியில் ஆங்கிலம் தாராளமாகச் செல்லும். கியூபெக் நகரம் முழுக்கப் பிரெஞ்சு ஊர்தான் என்றாலும், ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் ஹோட்டலிலும் கடையிலும் ஆங்கிலத்திலேயே உதவுவார்கள்.

பனிக்காலத்தில் வயதானவர்களோடு போவதானால் மட்டும் என் ஓட்டு மாண்ட்ரியலுக்கு. அங்கே மெட்ரோவோடு இணைந்த நிலத்தடி நடைபாதைகளே 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. கியூபெக் நகரத்தின் மேடும் படிகளும் உறைபனியில் முட்டிக்கு ஆகாது.

இரண்டுக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டர். பேருந்திலோ ரயிலிலோ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று இரவு கையில் இருந்தால் இரண்டைக் கியூபெக் நகரத்துக்கு ஒதுக்குங்கள். அப்போதுதான் ஊருக்கு வெளியே, நயாகராவைவிட உயரமான 83 மீட்டர் மோன்மொரன்சி அருவிக்கும் நேரம் கிடைக்கும். அருவி விழும் இடத்துக்கு நேர் மேலே தொங்கு பாலத்தில் நடக்கலாம்.