பழைய பேரேடு என்று விற்கப்படும் தேயிலைச் சாயத் தாள்கள்: நீலகிரிக் கைவினைஞர்கள் கவனத்திற்கு

குன்னூரில் ஏழு ஆண்டுகளாகப் பழைய கணக்குப் பேரேடுகளைக் கொண்டு விளக்குக் கூடுகளும் சிறு பெட்டிகளும் செய்து விற்று வருகிறேன். தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் கழிக்கப்படும் பேரேடுகளுக்கு இப்போது நல்ல கிராக்கி இருப்பதால், அதைக் குறிவைத்து ஒரு மோசடி நடக்கிறது. அதில் நான் 7,200 ரூபாய் இழந்தேன்.

சென்ற ஐப்பசியில் ஊட்டியிலிருந்து ஒரு வியாபாரி தொலைபேசியில் பேசினார். 1938-ஆம் ஆண்டுப் பேரேடுகள் 12 கிலோ இருப்பதாகவும், கிலோ 600 ரூபாய் என்றும் சொல்லி, மாதிரிக்கு நான்கு தாள்களைக் கொடுத்தனுப்பினார். அவை அசல்தான், ஓரங்கள் கருத்து, நடுப்பகுதி வெளிறி, மடித்தால் ஒடியும் பதத்தில் இருந்தன. அவற்றை நம்பி முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன்.

வந்த மூட்டையில் மேலே கிடந்த சில தாள்களைத் தவிர மற்றவை அனைத்தும் ஓரம் முதல் நடுவரை ஒரே சீரான பழுப்பாக இருந்தன. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒரு தாளின் பின்புறம் தடவியதும், எழுத்துகள் ஊதாவாகக் கரைந்து என் விரல்களில் வழிந்தன. அக்காலத்து நீலக்கறுப்பு மையில் இரும்புச் சத்து உண்டு. அது நாளடைவில் பழுப்பேறித் தாளோடு ஊறிவிடுமே தவிர, ஈரம் பட்டால் இப்படி ஓடாது. ஈரத் தாளை முகர்ந்தால் தேயிலை டிகாக்ஷன் வாசம் வந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு தாளைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூலிக் கணக்கை விரலால் தடவி வந்தவர், "ரூ. 4-18-0" என்ற பதிவில் நிறுத்தினார். "ஏம்மா, 16 அணா சேர்ந்தாலே ரூபாய்ப் பத்திக்கு ஏறிவிடுமே, அணாப் பத்தியில் 18 எப்படி நிற்கும்?" என்றார். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை எந்தக் கணக்கரும் அப்படி எழுதியிருக்க முடியாது. கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின்கீழ் பிடித்தபோது, தாளின் கிழிந்த விளிம்பு நீலமாக ஒளிர்ந்தது. அந்த ஒளிர்வைத் தரும் வெண்மையூட்டி 1950-களுக்கு முன் காகிதத்தில் சேர்க்கப்படவில்லை. புதிய நகல் தாளைத் தேயிலைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து, அதன்பின் அச்சிட்டிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பழைய சரக்கில் அப்படித்தான் கலந்து வரும்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். கோத்தகிரி விடுதி ஒன்றுக்கு ஒப்புக்கொண்டிருந்த 20 விளக்குக் கூடுகளைச் செய்ய முடியாமல், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அசல் என்று சொல்லிப் போலியை அவர்கள் விடுதிக் கூரையில் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

மாதிரியைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். மூட்டையை நேரில் அவிழ்த்து, அடியிலிருந்து ஒரு தாளை உருவி, அதன் ஓர் எழுத்தின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சென்ற வாரம் கோத்தகிரியில் இதே தொழில் செய்யும் அக்கா ஒருவருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. இம்முறை 1942-ஆம் ஆண்டுப் பேரேடாம், அதே 600 ரூபாய்தான்.