சின்னக் காலேஜ் லைன்மேனா, பெரிய காலேஜ் லைன்மேனா?

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில் காலேஜ் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட். லைன்மேன் என்றால் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவர்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். 2021 என்எஃப்எல் டிராஃப்டுக்கு முன்னால் நண்பர்கள் சேர்ந்து ஒரு மாதிரி டிராஃப்ட் நடத்தினோம். கிரீன் பே பேக்கர்ஸ் அணி என் பங்குக்கு வந்தது. அதன் சென்டர் கோரி லின்ஸ்லி சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலி. 62வது தேர்வில் நான் யோசித்த இருவர் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜோஷ் மையர்ஸும் விஸ்கான்சின்-வைட்வாட்டரின் க்வின் மைனர்ஸும். பெயர்கள் குழப்பும் என்பதால் இனி ஜோஷ், க்வின் என்றே சொல்கிறேன். நான் க்வினை எடுத்தேன். நிஜ பேக்கர்ஸ் அதே 62ல் ஜோஷை எடுத்தது.

ஜோஷ் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய காலேஜ், பெரிய எதிரணிகள், நல்ல பயிற்சி. எடுத்தால் உடனே ஆடுவார் என்று யாருக்கும் தெரியும். ஆடவும் செய்தார்.

க்வின் விஷயம் வேறு. வைட்வாட்டர் டிவிஷன் 3, அதாவது காலேஜ் விளையாட்டின் கீழ் அடுக்கில் இருக்கும் காலேஜ். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. போதாததற்கு, கோவிட் வந்து 2020 சீசனே நடக்கவில்லை. கடைசி வருட வீடியோ என்று ஒன்று இல்லை. பழைய வீடியோவிலும் ஒரு சிக்கல் உண்டு. 320 பவுண்டு ஆள் தன்னைவிட மிகவும் எடை குறைந்தவர்களைத் தள்ளிக்கொண்டே போகிறார். இடுப்பை இறக்காமல், தலையை முன்னால் நீட்டி, கையை வெளியே வைத்துத் தள்ளினாலும் அங்கே ஜெயிக்கலாம். பலம் குறைகளை மூடிவிடும். ஆகவே சின்னக் காலேஜ் ஆட்களின் வீடியோவில் எத்தனை பேரை விழுத்தினார் என்று நான் எண்ணுவதில்லை.

நான் பார்ப்பது சீனியர் போல் வாரத்தை, அதாவது டிராஃப்டுக்கு வரும் காலேஜ் வீரர்கள் கூடி ஆடும் ஆட்டத்தின் வாரத்தை. அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்தில் ஜனவரி கடைசியில் நடக்கும் அந்த ஆட்டத்தைவிட அதற்கு முந்தைய பயிற்சிகள் முக்கியம். ஒற்றைக்கு ஒற்றை மோதலில் தடுப்பவருக்குப் பக்கத்தில் துணை கிடையாது. பாய்பவருக்கோ வேண்டிய அளவு இடம். லைன்மேனுக்குப் பாதகமாகவே அமைந்த பயிற்சி அது. அதில் ஒருமுறை தோற்றால் பரவாயில்லை. முதல் நாள் தோற்கடித்த அதே வித்தை மூன்றாம் நாளும் தோற்கடிக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரிய காலேஜ் ஆட்களோடு அதுவரை மோதாத ஒருவர் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார் என்பதை அளக்க வேறு இடம் கிடையாது. க்வின் அங்கே தாக்குப்பிடித்தது மட்டுமல்ல, காலேஜில் கார்டாக ஆடியவர் சென்டராகவும் நின்று பழகினார். ஒரு வருடமாக ஆட்டமே இல்லாத ஆள் இதைச் செய்ததுதான் என்னை மடக்கியது. பிறகு 40 கெஜத்தை 5 வினாடிக்குள் ஓடினார், அது கொசுறு.

டென்வர் அணி க்வினை 98வது இடத்தில் எடுத்தது. 2024 கோடையில் 4 வருடத்துக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த சீசனிலேயே ஆல்-ப்ரோ எனப்படும், லீகின் சிறந்த வீரர்கள் பட்டியலின் முதல் அணியில் இடம். ஜோஷ் பேக்கர்ஸில் முதல் ஒப்பந்தம் முடிந்து 2025ல் ஜெட்ஸ் அணிக்குப் போனார்.

சரி, இதை வைத்துப் பெரிய காலேஜை ஒதுக்கச் சொல்லவில்லை. 63வது தேர்வில் போன ஓக்லஹோமாவின் கிரீட் ஹம்ஃப்ரி இவர்கள் இருவரையும்விட மேல். அன்றைக்கு நானும் பேக்கர்ஸும் அவரைத் தாண்டித்தான் போனோம்.

இன்னொன்று, நான் சொல்வது உள்வரிசைக்கு, அதாவது கார்டுக்கும் சென்டருக்கும்தான். ஹோபார்ட் என்ற சின்னக் காலேஜில் டேக்கிளாக இருந்த அலி மார்பெட்டைத் தம்பா பே 2015ல் 61வது இடத்தில் எடுத்துக் கார்டாக்கியது. லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் வரைக்கும் போனார். இன்னொரு சின்னக் காலேஜான நார்தர்ன் அயோவாவின் ட்ரெவர் பென்னிங்கை நியூ ஆர்லியன்ஸ் 2022ல் 19வது இடத்தில் எடுத்து டேக்கிளாகவே வைத்திருந்தது. 2023ல் இடத்தை இழந்தார். ஆனால் அதே நியூ ஆர்லியன்ஸ் 2013ல் ஆர்கன்சா-பைன் ப்ளஃப் என்ற சின்னக் காலேஜிலிருந்து எடுத்த டெரன் ஆர்ம்ஸ்டெட் அருமையான இடது டேக்கிளாக இருந்தார். டேக்கிள் விஷயத்தில் என் கணிப்பை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள். இரண்டாம் சுற்றின் கடைசியில், உள்வரிசைக்கு என்றால் மறுபடியும் சின்னக் காலேஜ் ஆளைத்தான் எடுப்பேன்.