ஆறேகால் அடி உயரக்காரருக்கு மேசை, நாற்காலி, மானிட்டர்: வெளிநாட்டு வாடகை வீட்டுக்கு எது சரிப்படும்?

உயரமானவர்கள் வெளிநாட்டில் வீடு பிடித்ததும் முதலில் தேடுவது ஏறி இறங்கும் மின்சார மேசையைத்தான். எங்கள் மதிப்பீட்டில் அது மூன்றாவதாக வாங்க வேண்டிய பொருள். முதலில் நாற்காலி, அடுத்து மானிட்டரைத் தாங்கும் கை, அதன் பிறகே மேசை. இந்த வரிசை மாறினால், நல்ல மேசை வாங்கியும் முதுகுவலி போகாது.

கடைக்குப் போகுமுன் நான்கு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை, இடுப்பின் பின்பக்கத்திலிருந்து அதே மடிப்பு வரை, உட்காரும் பரப்பிலிருந்து மடித்த முழங்கை வரை, அதே உட்காரும் பரப்பிலிருந்து கண் வரை. 190 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இவை ஏறக்குறைய 49, 53, 26, 84 செ.மீ. என்று வரும். கால் நீளமா உடல் நீளமா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், உங்கள் அளவை நீங்களே எடுப்பதுதான் சரி. வேலை செய்யும்போது வெறுங்காலோடு இருப்பீர்களா, ஷூவோடா என்பதையும் பாருங்கள். அதிலேயே இரண்டு மூன்று செ.மீ. போய்விடும்.

முதல் அளவையும் மூன்றாவதையும் கூட்டினால் 75 செ.மீ. கீபோர்டின் தடிமன் போக, மேசைப் பரப்பு 73 அளவில் இருந்தால் போதும் என்று கணக்கு சொல்லும். ஐரோப்பிய தரநிலையான இஎன் 527, உட்கார்ந்து வேலை செய்யும் நிலையான மேசைக்கு 74 செ.மீ. வைத்து, இரண்டு செ.மீ. கூடக்குறைய அனுமதிக்கிறது. ஆக 190 செ.மீ. ஆளுக்குச் சாதாரண மேசை அவ்வளவு மோசமில்லை. பிரச்சினை பெரும்பாலும் நாற்காலியில் இருக்கிறது. இருக்கை போதிய உயரம் ஏறாமல் 44, 45 செ.மீ.யில் நின்றுவிட்டால், முழங்கால் இடுப்பைவிட மேலே போய், கீழ்முதுகு வளைந்துவிடும். மேசையை என்ன செய்தாலும் அது சரியாகாது.

இகியாவின் மார்க்குஸ் நாற்காலியை உயரமானவர்களுக்குப் பலரும் சிபாரிசு செய்வதற்குக் காரணம் அதன் இருக்கை உயரம். 46 முதல் 57 செ.மீ. வரை ஏறும். முதுகுப் பலகையும் நீளம். ஆனால் இருக்கையின் ஆழம் 47 செ.மீ.யில் நிற்கிறது, முன்பின் நகர்த்த முடியாது. கைப்பிடியின் உயரத்தையும் மாற்ற முடியாது. அது மேசை விளிம்பில் இடித்தால், பூட்டாமலே விட்டுவிடலாம். தலை மெத்தையும் ஒரே இடத்தில்தான் இருக்கும். 195 செ.மீ. தாண்டியவர்கள் கடையிலேயே பத்து நிமிடமாவது உட்கார்ந்து, அது கழுத்தைத் தாங்குகிறதா, தோளை முன்னால் தள்ளுகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994இல் கொண்டுவந்த ஏரான் நாற்காலி, ஏ, பி, சி என மூன்று அளவுகளில் வருகிறது. உயரமானவர்களுக்கு சி. இதன் இருக்கை ஆழத்தையும் மாற்ற முடியாது. சி அளவில் சுமார் 47 செ.மீ., பி-யில் அதைவிட நாலு செ.மீ. குறைவு. இரண்டாம் கையில் வாங்கும்போது எல்லாமே பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதுகுச் சட்டத்தின் மேல்விளிம்பைப் பின்பக்கம் தடவிப் பாருங்கள்: ஒரு புள்ளி ஏ, இரண்டு பி, மூன்று சி. விற்பவர் சொல்வதைவிட இந்தப் புள்ளிகளை நம்பலாம். இதன் ஒரு குறையை மறைக்கக் கூடாது. வலைத்துணியைச் சுற்றியுள்ள சட்டம் கடினமானது. நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் இருந்தால் தொடையில் அழுத்தும்.

ஸ்டீல்கேஸ் நிறுவனத்தின் லீப் நாற்காலியில் இருக்கையை முன்னால் இழுத்து ஆழத்தை ஏறக்குறைய 40இலிருந்து 47 செ.மீ.க்கு மேல் வரை மாற்றலாம். தொடை நீளம் 53 செ.மீ. உள்ளவருக்குத் தேவை 48 முதல் 50. முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் போக இடம் இருக்க வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு. மூன்றில் எதுவும் அந்த 50ஐ எட்டுவதில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் உயரமானவரும் குட்டையானவரும் மாறி மாறி உட்கார்வதென்றால் லீப்தான் எங்கள் தேர்வு. அலுவலகங்கள் காலி செய்யும்போது இவ்வகை நாற்காலிகளை வாங்கிச் சுத்தம் செய்து விற்பவர்கள் பெரிய ஊர்களில் உண்டு. புதியதை வாங்குமுன் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

இருக்கும் நாற்காலியே பிடித்திருந்து உயரம் மட்டும் போதவில்லை என்றால், இருக்கையை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டரை மாற்றினால் போதும். பெரும்பாலான நாற்காலிகளில் சிலிண்டரின் அடிப்பக்கம் 50 மி.மீ., மேல்முனை 28 மி.மீ. கூம்பாக இருக்கும். முதலில் அளந்து உறுதி செய்யுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து, ஐங்கால் சட்டத்தின் நடுவளையத்தை ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் கழன்றுவிடும். மேல்முனையைக் கழற்ற, சிலிண்டரின் உடலைப் பைப் ரெஞ்சால் பிடித்து, திருகியபடியே இழுக்க வேண்டும். புதியதைப் பொருத்தும்போது எண்ணெய் தடவாதீர்கள். உலோகமும் உலோகமும் உராய்ந்து பிடிப்பதால்தான் அது நிற்கிறது, எண்ணெய் பட்டால் வழுக்கும். நீள சிலிண்டர் போட்டால் குறைந்தபட்ச உயரமும் கூடும். பின்னால் சாயும்போது கவிழும் ஆபத்தும் சற்றுக் கூடும். ஐங்கால் சட்டம் அகலமானதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி மானிட்டர். உயரமானவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 49ஐயும் 84ஐயும் கூட்டினால் கண் தரையிலிருந்து 133 செ.மீ. மேசை 74 என்றால், திரையின் மேல்விளிம்பு மேசையிலிருந்து 59 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். 27 அங்குலத் திரையோடு வரும் நிலைக்கால் முழுதும் ஏற்றினாலும் பெரும்பாலும் 50, 53 செ.மீ.யிலேயே நின்றுவிடும். மிச்சத்தைக் கழுத்து குனிந்து ஈடு செய்கிறது. எர்கோட்ரானின் எல்எக்ஸ் கை 3.2 முதல் 11.3 கிலோ வரை தாங்கும், 33 செ.மீ. ஏறி இறங்கும். இதிலேயே நீளக் கம்பம் உள்ள வகை தனியாக விற்கிறது. 195 செ.மீ.க்கு மேற்பட்டவர்கள் அதையே வாங்குவது நல்லது. மானிட்டர் 3.2 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் கை தானாக மேலே எழும். நிலைக்கால் இல்லாத எடையைப் பாருங்கள், பெட்டியில் போட்டிருப்பது பல நேரம் மொத்த எடை. பின்பக்கத் துளைகள் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் எம்4 திருகு ஏற்பவையாக இருக்க வேண்டும்.

மானிட்டர் கையை மேசையில் கவ்வும் இடமும் முக்கியம். உள்ளே தேன்கூடு போல அட்டை நிரப்பிய எடை குறைந்த பலகைகள் அந்த அழுத்தத்தில் நசுங்கிவிடும். மேலும் கீழும் 12 மி.மீ. பிளைவுட் துண்டு வைத்துக் கவ்வுங்கள். ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டமும் பார்ப்பவர்கள் மட்டும் திரையை மேலே சொன்ன அளவைவிடச் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம்.

மேசையில், நிற்கும் உயரம்தான் கேள்வி. 190 செ.மீ. ஆளின் முழங்கை நிற்கும்போது 120 செ.மீ. அளவில் இருக்கும், மேசைக்கு 117, 118 வேண்டும். இரண்டு செ.மீ. தடிமனான கால்மெத்தையில் நின்றால் மேசையும் அவ்வளவு ஏற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இகியாவின் டிராட்டென் கைப்பிடி சுற்றி ஏற்றும் மேசை, 72 முதல் 122 செ.மீ. வரை. மோட்டார் இல்லாததால் நாடு மாறும்போது மின்னழுத்தக் கவலையே இல்லை. குறைந்த உயரம் 72 என்பது குட்டையானவர்களுக்குக் குறை, உயரமானவர்களுக்கு இழப்பே இல்லை. அதே நிறுவனத்தின் மின்சார மேசை இடோசென் 63 முதல் 127 வரை ஏறும். இரண்டு மீட்டர் உயரமுள்ளவர் நின்று வேலை செய்ய 122 போதாது, அவருக்கு இதுதான்.

வேறு நிறுவனச் சட்டம் வாங்கினால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சொல்லப்பட்ட உயரத்தில் பலகை சேர்ந்திருக்கிறதா இல்லையா? பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டம் எவ்வளவு கீழே தொங்குகிறது? இருக்கை 49, தொடைத் தடிமன் 18, ஆக 67 செ.மீ. வரை காலுக்கே வேண்டும். மேசை 74இல் இருக்க, பலகையும் சட்டமும் சேர்ந்து 8 செ.மீ. எடுத்தால் தொடை இடிக்கும். இழுப்பறை வைத்த மேசைகள் இதனாலேயே உயரமானவர்களுக்கு ஆகாது. பலகையின் ஆழம் 80 செ.மீ. இருக்கட்டும். 60 என்றால் நீட்டிய கால் சுவரில் முட்டும், திரையும் முகத்துக்கு அருகே வந்துவிடும்.

முழு உயரத்தில் எந்த மேசையும் கொஞ்சம் ஆடும். பூட்டி இரண்டு வாரம் கழித்து எல்லாத் திருகுகளையும் மறுபடி இறுக்கினால் பாதி ஆட்டம் நிற்கும்.

மின்சார மேசையை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவதென்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சீட்டைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஒரே மின்னழுத்தம் போட்டிருந்தால் பெட்டியை மாற்ற வேண்டிவரும். பலகையை விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் கொண்டுபோய், போன இடத்தில் புதுப் பலகை வாங்குவது எளிது. பார்ட்டிகிள் போர்டில் மரத்திருகு இரண்டு மூன்று முறைக்கு மேல் பிடிக்காது. கழற்றி மாட்டும் எண்ணம் இருந்தால் முதல் முறையே பித்தளை மரைக்குழாய்களைப் பதித்து எம்6 போல்ட் போடுங்கள். ஏற்கெனவே துளை தளர்ந்திருந்தால், மரப் பசை தடவிய பல்குத்திகளை நிறையச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, நுனியை வெட்டிவிட்டுத் திருகலாம்.