பேராதனையா, யாழ்ப்பாணமா: மலையக மாணவரின் மருத்துவ பீடத் தெரிவு

இலங்கையில் அரச மருத்துவ பீடத்துக்குத் தகுதி பெறும் மாணவரின் கையில் இரண்டு அனுமதிக் கடிதங்கள் வருவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் யூனிகோட் (பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் குறிக்கும் குறியீடு) வரிசையை நிரப்பும் அன்றே தெரிவு நடந்துவிடுகிறது. அட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் பல வீடுகளில் அப்போது எழும் கேள்வி, மேலே பேராதனையை எழுதுவதா, யாழ்ப்பாணத்தை எழுதுவதா என்பதுதான்.

பயத்தால் செய்யும் தவறு ஒன்று உண்டு. "இது எப்படியும் கிடைத்துவிடும்" என்று நினைப்பதை முதலாவதாக எழுதிவிடுகிறார்கள். மேலே எழுதியதற்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி போதாவிட்டால் அடுத்த தெரிவைப் பார்ப்பார்கள். ஆசைப்பட்டதை மேலே வைத்ததற்காகக் கீழே இருப்பது கைநழுவிப் போகாது. ஆகவே உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன, கண்டி இல்லை.

தூரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வரும் கண்டி பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போகும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிறு மாலை திரும்பலாம். யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போவதென்றால் பொல்கஹவெலயில் இறங்கி வடக்குப் பாதைக்கு மாற வேண்டும். கண்டி போய் ஏ9 வீதியில் இரவு பஸ் பிடிப்பது இன்னொரு வழி. இரண்டிலும் ஒரு முழு இரவு போய்விடும். தவணை முடிவில்தான் வீடு என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் தூரம் இரண்டாம் பட்சம். தெரிவைத் தீர்மானிக்க வேண்டியது வார்ட்டில் பேசும் மொழி. இரண்டு பீடங்களிலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு அனற்றமியையும் (உடற்கூறு) பிஸியோலஜியையும் (உடற்றொழிலியல்) ஆங்கிலத்தில் தொடங்கும் முதல் வருடம் எங்கு போனாலும் கடினம். யாழ்ப்பாணத்தில் கூடப் படிப்பவர்களில் பலர் தமிழர். விளங்காத பக்கத்தை இரவு விடுதியில் தமிழிலேயே கேட்டுத் தெளிவடையலாம். பேராதனையில் தமிழ் மாணவர் குழு சிறியது. அந்தக் குழுவுக்குள்ளேயே ஒதுங்கிவிடுபவர்கள் சிங்களமும் கற்காமல், வகுப்புத் தோழர்களின் குறிப்புகளும் கிடைக்காமல் பின்தங்குகிறார்கள்.

கிளினிகல், அதாவது வார்ட்டில் நோயாளிகளோடு பயிற்சி, தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. பேராதனை, கண்டி வைத்தியசாலைகளில் ஹிஸ்ட்ரி (நோய் விபரம்) எடுக்கும்போது "கொஹெத ரிதென்னே" (எங்கே வலிக்கிறது), "கவதா இந்தலத" (எப்போதிலிருந்து) என்று சிங்களத்தில் கேட்க வேண்டும். நோயாளி "ஹதி" என்றால் மூச்சுத் திணறல், "கரகெவில்ல" என்றால் தலைச்சுற்று என்று உடனே பிடிபட வேண்டும். அதே வார்ட்டில் அடுத்த கட்டிலில் தோட்டத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட அம்மா இருப்பார். அங்கே குழுவில் மலையகத் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். அது ஒரு பெரிய பொறுப்பு. நல்ல பயிற்சியும்கூட.

யாழ்ப்பாணம் போனால் மொழிச் சிக்கலே இல்லை என்று நினைப்பதும் சரியில்லை. நாம் வலிக்குது என்போம், அங்கே நோகுது என்பார்கள். வாந்தியைச் சத்தி என்பார்கள். பேதியை "வயித்தாலை போகுது" என்பார்கள். ஓரிரு மாதத்தில் பழகிவிடும். முதல் வாரத்தில் மட்டும் கவனம்.

பார்க்கும் நோய்களிலும் வேறுபாடு உண்டு. உண்ணி போன்றவை கடித்துப் பரவும் ரிக்கெற்சியா காய்ச்சலை எடுத்துக்கொண்டால், மத்திய மலைநாட்டில் ஸ்பொட்டட் பீவர் வகை அதிகம், யாழ்ப்பாணத்தில் ஸ்க்ரப் டைபஸ் அதிகம். குடாநாட்டில் சுருட்டை விரியன் கடியைக் காணலாம். மலையகத்தில் அது பாடப்புத்தகப் படம்தான். தேயிலை மலையில் குளவிக் கொட்டு, தாய்மாரின் இரத்தச்சோகை, எடை குறைந்த குழந்தைகள் ஆகியவற்றோடு வேலை செய்யப் போகிறவருக்குப் பேராதனைப் பக்கத்து வார்ட்டுகள் நேரடியாக உதவும்.

செலவு விஷயத்தில் இரண்டுக்கும் கல்விக் கட்டணம் இல்லை. பேராதனை பீடத்தின் பக்கத்திலேயே போதனா வைத்தியசாலை, ஆனால் கண்டி தேசிய வைத்தியசாலைக்குத் தினமும் பஸ். யாழ்ப்பாணத்தில் நிலம் சமதரை. ஒரு சைக்கிள் வாங்கினால் திருநெல்வேலிப் பக்கத்துப் பீடத்துக்கும் நகரத்துப் போதனா வைத்தியசாலைக்கும் போக்குவரத்துச் செலவே இல்லை. வெயிலும், சுண்ணாம்புக் கல் கிணற்றின் கடினமான தண்ணீரும் குளிரில் வளர்ந்தவரை முதலில் வாட்டும்; குடிக்க வடிகட்டிய தண்ணீருக்குப் பணம் ஒதுக்குங்கள். பகிடிவதை இரண்டு இடத்துக்கும் பொதுவான அச்சம்; 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், முறையிடத் தயங்க வேண்டாம்.

ஐந்து வருடப் படிப்புக்குப் பிறகு வைத்தியசாலையில் ஒரு வருட இன்டர்ன் பயிற்சி. அந்த இடங்களை மெரிட் பட்டியல் வரிசையில்தான் தெரிவு செய்வார்கள். பட்டியலில் கீழே இருப்பவருக்கு எஞ்சுவது சிங்களம் மட்டும் பேசும் ஊராகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் படித்தவர் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: அதிகாலை மூன்று மணிக்கு அட்மிஷன், நோயாளி சொல்வது பாதிதான் விளங்குகிறது.

டிக்கோயா கிளங்கன் போன்ற ஆதார வைத்தியசாலைக்கே திரும்பி வந்து வேலை செய்ய எண்ணம் இருந்தால், சிங்களம் ஓரளவாவது காதில் விழுந்து வளர்ந்திருந்தால், பேராதனையை மேலே எழுதுங்கள். ஆங்கிலமும் சிங்களமும் இரண்டுமே பலவீனம், தனித்துப் போனால் படிப்பே தடுமாறும் என்ற நிலை என்றால் யாழ்ப்பாணம் மேல். அங்கே முதல் இரண்டு வருடத்தைத் தடையின்றிக் கடப்பது, பேராதனையில் ஒரு பரீட்சையைத் திரும்ப எழுதுவதைவிட எவ்வளவோ நல்லது. ஆனால் சிங்களத்தை இறுதி வருடத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

பெறுபேறு வந்ததிலிருந்து பீடம் தொடங்கும்வரை பல மாதங்கள் கிடைக்கும். தினம் ஒரு மணிநேரம் ஆங்கிலத்தில் உயிரியல் வாசியுங்கள். உடலுறுப்பு, வலி, நாட்கணக்கு, சாப்பாடு, மலசலம் பற்றிய ஐம்பது சிங்களக் கேள்விகளைக் கொப்பியில் எழுதி, பக்கத்துக் கடைக்காரரிடம் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.